உதவாத ஆளாகப் பார்த்து

என் தம்பி அஸாம் டோஹாவில் இருந்துகொண்டு எங்கள் ஊர் இறக்கக்கண்டியில் புல் வளர்க்கிறான். மாடு தின்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. அதுவும் அவன் பார்ப்பதற்கு. வீட்டு முகட்டில் ஒரு கமராவைப் பூட்டியிருக்கிறான். வேலை முடிந்து வந்து, சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, போனில் தன் புல்லைப் பார்ப்பானாம். பக்கத்தில் பெண்சாதியும் மகளும் இருக்க, கடல் கடந்து முளைத்த புல்லை வாய் பார்க்கிற ஒருவனைப் பற்றி நான் வேறென்ன சொல்ல?

அந்தப் புல்லைப் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி லொறியில் கொண்டுவந்து மணலில் விரித்தார்கள். ஒழுங்கையின் இரண்டு பக்க வீட்டுச் சனமெல்லாம் வேலியோரம் நின்று பார்த்தது. "டீச்சர், இதில என்ன காய்க்கும்?" என்று ஒருத்தி கேட்டாள். ஒன்றும் காய்க்காது, என் தம்பியின் மண்டையில் காய்த்ததுதான் இது என்று சொன்னேன்.

நான் சுஹைரா. பக்கத்து வளவில், எனக்குச் சீதனமாக வந்த வீட்டில் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிறேன். அஸாமின் மாடிவீடு எந்நாளும் பூட்டித்தான் கிடக்கும். சாவி என்னிடம். அவன் கட்டளையிட, நான் காவல் காக்க, புல் வளர வேண்டும். இதுதான் ஏற்பாடு.

வெறும் புல் என்றால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். விஷயம் கிணறு. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் கிணறு உண்டு, எல்லாம் உப்புச் சவர். உடுப்புக் கழுவலாம், குளிக்கலாம், குளித்தால் தலைமயிர் தும்பாகும். வாயில் வைக்க ஏலாது. குழாய்த் தண்ணீர் பெரிய தெருவோடு நின்றுவிட்டது. நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்றுதான், அது அஸாம் வாங்கிய வளவுக்குள் இருக்கிறது. பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் பெண்கள் பிளாஸ்டிக் கான்களோடும் குடங்களோடும் வந்து, மஃரிபுக்கு முன் அள்ளிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் வளவு வாசலின் கடப்பைப் பூட்டக் கூடாது. வளவை விற்றவர் இதைச் சொல்லித்தான் விற்றார். அஸாமும் தலையாட்டித்தான் வாங்கினான். அப்போது அவனுக்குப் புல் வியாதி பிடித்திருக்கவில்லை.

மணலுக்குள் நல்ல தண்ணீர் மேலே கிடக்கும், உப்புத் தண்ணீர் அடியில் கிடக்கும். மேலாக அள்ளினால் நல்லது வரும். அடி தெரிய இறைத்தால் உப்பு ஏறும். ஏறின உப்பு எத்தனை மாரிக்குப் பிறகு இறங்கும், இறங்குமா என்பதே யாருக்கும் தெரியாது. அடி தெரிய இறைக்கக் கூடாது என்பது இந்த மணலில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். அஸாமும் இந்த மணலில்தான் பிறந்தான். ஆனால் அவனிடம் கிணற்றைப் பற்றிச் சொன்னால், "ராத்தா, இஞ்ச பாலைவனத்திலேயே புல் வளருது" என்று சொல்லுவான். அங்கே கடலைக் காய்ச்சித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றால், "அதுதான் சொல்றன், மனம் வச்சா ஏலும்" என்பான். இப்படி ஒருவனோடு எப்படிக் கதைக்கிறது?

புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கும் ஏற்பாட்டைச் செய்தது பக்கத்து ரவுணில் இருக்கிற சுகிர்தன். வேலையில் கெட்டிக்காரன், வாயைத் திறந்தால் சண்டைக்காரன். மண்ணுக்குள் குழாய்களைத் தாட்டு, தெளிப்பான்களைப் பூட்டி, மோட்டர் அறையில் சுவிச்சுப் பெட்டியை வைத்துவிட்டு, அஸாமோடு வீடியோவில் முட்டிக்கொண்டான். "இந்தக் கிணறு இந்தப் புல்லுக்குக் காணாது. எழுதித் தரட்டோ?" என்று கேட்டான். "உங்கட வேலை பைப் போடுறது" என்றான் அஸாம். சுகிர்தன் அதோடு சாமான்களைக் கட்டிக்கொண்டு போய்விட்டான்.

முதல் மாரி போய், கோடைக் கச்சான் காற்று பிடித்தது. கிணற்றில் வாளி மண்ணைத் தட்டத் தொடங்கியது. எல்லாரையும் விட அதிகம் பயந்தவள் சனூஸா. மீன்பிடிக்கப் போய்க் கரைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி விற்றுச் சீவிக்கிறவள். கடற்கரையில் நாலு தடியும் ஒரு தகரமும்தான் அவளது கடை. இந்தக் கிணறு இல்லையென்றால் அவளது அடுப்பு எரியாது. கிணற்றுக் கட்டில் குனிந்து பார்த்துக்கொண்டு, "டீச்சர், என்னவாகும்?" என்று தினமும் கேட்டாள். என்னவாகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போதுதான் ஒரு காலையில் மோட்டர் தானாக நின்றது. தெளிப்பான்கள் கொஞ்ச நேரம் துப்பிவிட்டு அடங்கிவிட்டன. அடுத்த நாளும் அப்படித்தான். கொஞ்சம் இருமும், நிற்கும். அல்ஹம்துலில்லாஹ் என்றேன். புல் மஞ்சளானது. வாளி திரும்பவும் தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. சனூஸா சிரித்தாள்.

அஸாம் போன் எடுத்தான்.

"ராத்தா, புல்லெல்லாம் என்ன இப்படிக் கிடக்கு? ஓகஸ்ட் கடைசியில மகள் அம்ராட நிக்காஹ். அந்தப் புல்லிலதான் கதிரை போடப் போறம். படம் எடுக்கிறவன் கொழும்பில இருந்து வாறான்."

"படம் எடுக்கிறவன் புல்லையா எடுக்கப் போறான், பொண்ணையா?"

"பகிடி விடாதீங்க. மோட்டர் பழுது. ரவுணுக்குப் போய் ஒரு ஆளைப் பிடிங்க. ஊர் மேசன் பாஸ் வேணாம். முறையாப் படிச்ச, தொழில் தெரிஞ்ச ஆளாப் பாருங்க."

"சுகிர்தன்?"

"அவன்ட பேர என்னிட்ட எடுக்காதீங்க. வேற ஆள் இல்லாட்டி, போனாப் போகுது, அவனையே கூப்பிடுங்க. எனக்குப் புல்லு பச்சையா இரிக்கணும்."

போனை வைத்துவிட்டு யோசித்தேன். ஆளைக் கூப்பிடமாட்டேன் என்றால், அவனே டோஹாவில் இருந்து ஒருவனை அனுப்புவான். சுகிர்தனைக் கூப்பிட்டால், அவன் கெட்டிக்காரன், அரை மணித்தியாலத்தில் திருத்திவிடுவான். மோட்டர் ஓடும், கிணறு போகும். ஆகவே ஆளும் வரவேண்டும், வேலையும் நடக்கக் கூடாது. அதற்கு ஒரே வழிதான் இருந்தது. இந்த மாவட்டத்திலேயே உதவாத ஆள் யாரென்று தேடத் தொடங்கினேன்.

மற்றவர்கள் நல்ல வேலைக்காரனைத் தேடி அலைகிறார்கள், கிடைப்பதில்லை. நான் உதவாதவனைத் தேடினேன், தெரிவு செய்வதே கஷ்டமாக இருந்தது. ஆசிரியர் அறையில் விசாரித்தேன். ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். சீனன்குடாவில் ஒருவர், திருத்தப் போன வீட்டில் மோட்டரையே கிணற்றுக்குள் விழுத்தியவர். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் தானே கிணற்றில் இறங்கி, மோட்டரை எடுத்து, கழுவிக் காயவைத்து, மன்னிப்பும் கேட்டுப் பூட்டிக் கொடுத்தாராம். மனச்சாட்சி உள்ள ஆள் ஆபத்து. கிண்ணியாவில் ஒருவர், சொன்ன நாளில் வரமாட்டார். ஆனால் வந்தால் முடித்துவிடுவாராம். அவரும் வேண்டாம்.

கடைசியில் கணக்குப் படிப்பிக்கிற பாக்கியரத்தினம் சேர் என் பிரச்சினையைத் தீர்த்துவைத்தார்.

"றிப்தி எண்டு ஒரு ஆள் இருக்கிறான் டீச்சர். வான் வச்சிருக்கிறான். குசினியில கோப்பை கழுவுற குழாயைத் திருத்தச் சொன்னனான். இப்ப குசினியில திறந்தா குளியலறையில தண்ணி வருது. நான் குளிக்கிறதெண்டா மனுசி போய்க் குசினியில நிக்கவேணும்."

"திரும்பக் கூப்பிடேல்லையா?"

"கூப்பிட்டனான். வந்து பாத்துப்போட்டு, இதுதான் புது முறை எண்டு சொல்லிப்போட்டுப் போறான்."

எனக்குச் சந்தோஷத்தில் சேரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. நம்பரை வாங்கிக்கொண்டேன்.

றிப்தி வந்தான். வானின் பக்கவாட்டில் அவனுடைய பெயர், பின்னால் அவனுடைய பெயர், போட்டிருந்த சட்டையின் முதுகிலும் அவனுடைய பெயர். தொலைந்துவிடுவான் என்று பயந்திருக்கிறார்கள் போல. வெயில் கண்ணாடியைத் தொப்பிக்கு மேலே ஏற்றியிருந்தான். கையில் ஒரு கார்ட் தந்தான். மூன்று மொழியில் அச்சடித்து, மூன்றிலும் பிழை. என் கை சிவப்புப் பேனையைத் தேடியது.

"டீச்சர், முதல்ல ஒரு ஆய்வு செய்வம்" என்றான்.

சப்பாத்தோடு புல்லுக்கு நடுவே போய்க் குந்தினான். ஒரு புல்லைப் பிடுங்கி முகர்ந்தான். கடித்துப் பார்ப்பான் என்று காத்திருந்தேன், கடிக்கவில்லை.

"புல்லு ஸ்ட்ரெஸ்ல இரிக்கி டீச்சர்."

"அப்படியா? பாவம்."

"நாங்க இதுகள சயன்ஸ்படிதான் பாக்கிற. மத்தவன் வந்தா மோட்டரைப் போய்ப் பாப்பான். நாங்க புல்லில இருந்து தொடங்கிற."

ஆள் சரியாகத்தான் அமைந்திருக்கிறான் என்று மனதுக்குள் பாக்கியரத்தினம் சேரை வாழ்த்தினேன். தெளிப்பான்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றினான். கழற்றியவற்றை ஒரே குவியலாகப் போட்டான். எது எங்கே இருந்தது என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை. மண்ணைக் கிண்டி ஒரு குழாயை உடைத்தான். உடைத்ததற்கு அந்தக் குழாயைச் செய்தவனை ஏசினான். வெளிச்சுவரில் இருந்த கை கழுவும் குழாயைத் திறந்தபோது புல்லுக்கு நடுவே தண்ணீர் பீறியது. சேர் சொன்னது பொய்யில்லை. என் வீட்டுக்குப் போய் அவனுக்குத் தேத்தண்ணி போட்டேன், சீனியும் கூடவே போட்டேன். இப்படி மனம் குளிர நான் ஒரு வேலைக்காரனுக்கும் தேத்தண்ணி கொடுத்ததில்லை.

"நல்ல தண்ணி டீச்சர். தேத்தண்ணி அந்த மாதிரி இரிக்கி" என்றான்.

"ஓம் தம்பி. அந்தக் கிணத்துத் தண்ணிதான்."

அது என்னுடைய வாயால் வந்த கேடு. கிணறு என்றதும் கோப்பையை வைத்துவிட்டு எழும்பினான். கிணற்றுக் கட்டில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்தான். போன் வெளிச்சத்தை அடித்தான். பிறகு ஒரு வயரைப் பிடித்து இழுக்க, அதன் நுனியில் மாங்காய் அளவில் ஒரு கறுப்புக் குமிழ் தொங்கிக்கொண்டு மேலே வந்தது.

"ஆள் இதுதான் டீச்சர்! இந்தக் குமிழ்தான் மோட்டர நிப்பாட்டிற."

"ஏன் நிப்பாட்டுது?"

"தண்ணி இருந்தா இது மிதக்கும், மோட்டர் ஓடும். தண்ணி கீழ போனா இதுவும் தொங்கும், மோட்டர் நிண்டுரும். கிணத்துல தண்ணி கிடக்கக் கிடக்க இது ஏன் நிக்கோணும்? ஆரோ விசயம் தெரியாதவன் வச்சிரிக்கான்."

மோட்டர் பழுதே இல்லை. கிணறு வற்றும்போது தானாக நிற்பதற்குச் சுகிர்தன் சொல்லாமல் கொள்ளாமல் வைத்துவிட்டுப் போன காவல் அது. உப்பு ஏறாமல் கிணற்றைக் காத்தது இத்தனை நாளும் அந்தக் கறுப்பு மாங்காய்தான்.

"தம்பி, அதத் திருப்பிப் போடுங்க. உள்ள போடுங்க அத!"

நான் சொல்லி முடிக்க முதல் அவன் மோட்டர் அறைக்குள் போய்விட்டான். மற்ற வேலையெல்லாம் ஆமை மாதிரிச் செய்தவன், கெடுக்கிற வேலையில் மின்னலாக இருந்தான். குமிழின் வயரை வெட்டி, இரண்டு நுனியையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றினான். சுவிச்சைப் போட்டான். மோட்டர் ஓடியது. தெளிப்பான் கழற்றிய குழாய் வாய்களிலிருந்து தண்ணீர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. றிப்தி நனைந்துகொண்டு நின்று கைதட்டினான். அவனுடைய கைதட்டலுக்கு இன்னொரு கைதட்டலும் கேட்டது. கமராவில் தண்ணீரைக் கண்டுவிட்டு அஸாம் என் போனில் வீடியோவுக்கு வந்திருந்தான்.

"ராத்தா, சபாஷ்! எங்க பிடிச்சீங்க இந்த ஆள?"

நான் போனை முகத்துக்கு நேரே பிடித்து, மூச்சு முட்ட எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ் எதற்கு, சுகிர்தன் ஏன் வைத்தான், இப்படியே ஓடினால் கிணற்றுக்கு என்ன ஆகும், ஒழுங்கைச் சனம் எதைக் குடிக்கும் என்று சொன்னேன். அஸாம் பொறுமையாகக் கேட்டான். சின்னப் பிள்ளையின் கதையைக் கேட்கிற பொறுமை.

"அப்ப அந்தச் சுகிர்தன் வேணுமெண்டே எனக்கு இதைச் செய்திரிக்கான். பாருங்க, றிப்தி வந்து கண்டுபிடிச்சிட்டார். நீங்க நல்ல ஆளத்தான் ராத்தா பிடிச்சிரிக்கீங்க."

"தம்பி, இவன் ஒண்டும் தெரியாதவன்!"

"உங்களுக்கு ஆரைத்தான் பிடிச்ச?" என்று சிரித்தான்.

பக்கத்தில் நின்ற றிப்தியும் சிரித்தான். அவனுடைய பல்லைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அடுத்த நாளே மோட்டர் அறைக்குப் போய் மெயின் சுவிச்சை நிறுத்தினேன். அஸாம் கமராவில் புல்லைப் பார்த்தான், தண்ணீர் பாயாததைப் பார்த்தான், நான் மோட்டர் அறையிலிருந்து வெளியே வந்ததையும் பார்த்தான். "ராத்தா, உங்களுக்கு ஏன் இந்தக் கரைச்சல்? வயசும் போகுது" என்றான். மாலையில் றிப்தி வந்து மோட்டர் அறைக்குப் புதுப் பூட்டுப் போட்டான். இனிமேல் நிக்காஹ் முடியும்வரை தோட்டத்துக்குப் பொறுப்பு அவன்தானாம். நல்ல தண்ணீர்க் கிணற்றுக்கு மாவட்டத்திலேயே உதவாத ஆளைக் காவலாக வைத்தாகிவிட்டது.

வெட்கத்தை விட்டுச் சுகிர்தனுக்குப் போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன்.

"அந்த வளவுக்குள்ள நான் இனிக் கால் வைக்கமாட்டன் டீச்சர். என்ர மிதவையை வெட்டினவனையே கூப்பிடுங்கோ" என்றான்.

"கோபப்படாதீங்க தம்பி. உங்களத்தான் முதல்ல நினைச்ச."

"நினைச்சா ஏன் கூப்பிடேல்ல?"

"நீங்க வந்தா திருத்திருவீங்க எண்டு பயந்து."

அவன் சிரித்தான், நல்ல சிரிப்பு இல்லை.

"திருத்த அங்க என்ன கிடந்தது? மோட்டர் நிக்கவேண்டிய இடத்தில நிண்டது. நான் வந்திருந்தா, பழுது இல்லையெண்டு உங்கட தம்பியின்ர முகத்துக்கு நேர சொல்லிப்போட்டுப் போயிருப்பன். கிணத்தைக் கொல்லுறதுக்கு வேலை தெரியாதவன்தான் வேணும் டீச்சர். வேலை தெரிஞ்சவன் செய்யமாட்டான்."

போனை வைத்துவிட்டான். அவனுடைய திமிருக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இருந்தது.

இனி ஒரு வழிதான் மிச்சம். ஒழுங்கைச் சனம் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் போய் முறையிட வேண்டும். அஸாம் என் பேச்சைக் கேட்கமாட்டான், ஆனால் பள்ளியில் இருந்து ஒரு வார்த்தை போனால் நடுங்குவான். மகளின் நிக்காஹ் நேரத்தில் ஊர்ப் பகை அவனுக்கு வேண்டாம். நானே போகலாம்தான். ஆனால் கூடப்பிறந்த தம்பி மேல் ராத்தாவே பிராது கொடுத்தாள் என்ற கதை என்னோடு மையவாடி வரைக்கும் வரும். அந்தப் பெண்கள் போகட்டும், கிணறு அவர்களுக்கும்தானே என்று பார்த்திருந்தேன்.

அவர்கள் போகவில்லை. ஒவ்வொரு அஸருக்கும் வந்தார்கள். தெளிப்பான்கள் சுற்றிச் சுற்றித் துப்புவதைப் பார்த்தார்கள். கிணற்றில் எட்டிப் பார்த்தார்கள். வாளிக்கு இன்னும் கொஞ்சம் கயிறு கட்டினார்கள். என்னைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து, முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு நகர்ந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்க்க அடங்காத எரிச்சல். வீட்டில் புருஷனோடு வாய் காட்டத் தெரியும், சந்தையில் மீன்காரனோடு மல்லுக்கட்டத் தெரியும், தங்கள் தொண்டைக்குள் போகிற தண்ணீருக்காக ஒரு வார்த்தை கேட்கத் தெரியாது. மந்தைகள் என்று மனதுக்குள் ஏசினேன். இப்படிப்பட்ட சனத்துக்கு உப்புத் தண்ணீர்தான் சரி என்றும் ஒருநாள் நினைத்தேன்.

சனூஸாவும் அந்த மந்தையில்தான் நின்றாள். ஒருநாள் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு நெடுநேரம் கிணற்றுக் கட்டில் இருந்தாள். நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். போடி, போய்ச் சொல்லடி என்று என் பல்லுக்குள் முணுமுணுத்தேன். அவள் கானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

அஸாம் குடும்பத்தோடு வந்து இறங்கினான். வந்ததும் வீட்டுக்குள் போகவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தான். நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. அம்ரா அழகாக இருந்தாள், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. படம் எடுக்கிறவன் புல்லில் குப்புறப் படுத்துப் படம் எடுத்தான். றிப்தி தன் பெயர் போட்ட சட்டையை அன்றைக்கும் விடவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் கார்ட் கொடுத்துக்கொண்டு நின்றான்.

சாப்பாட்டுக்கு முன் தேத்தண்ணி வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா கலீலுர் றஹ்மான் ஹாஜியார் கிண்ணியாவில் பெரிய கடைக்காரர். ஒரு மிடறு குடித்தார். உடனே விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, சம்பந்தி வீடாயிற்றே. மெதுவாக விழுங்கிவிட்டுக் கோப்பையைக் கதிரைக்குக் கீழே வைத்தார். "போத்தல் தண்ணி இரிக்கா?" என்று கேட்டார். அடுத்தடுத்த கதிரைகளுக்குக் கீழேயும் கோப்பைகள் போய்ச் சேர்ந்தன. அஸாம் சமையல்காரனைக் கூப்பிட்டு, சீனிக்கும் உப்புக்கும் வித்தியாசம் தெரியாதவனா என்று எல்லாருக்கும் முன்னால் ஏசினான். அந்த மனிதன் பாவம், சீனிப் போத்தலைக் கொண்டுவந்து தன் நாக்கில் போட்டுக் காட்டினான். அஸாம் என்னைப் பார்க்கவே இல்லை.

போகிற அன்று மட்டும், "மாரி வந்தா சரியாகிரும் ராத்தா" என்றான். என்னிடம் அல்ல, கிணற்றுப் பக்கம் பார்த்து. போனவன் இப்போது கமராவைப் பார்க்கிறானோ தெரியாது. உப்புத் தண்ணீர் குடித்த புல் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது. றிப்தி போனை எடுக்கிறதில்லை.

பெண்கள் வருவது ஒவ்வொருவராக நின்றது. வசதி உள்ளவர்கள் பவுசர் லொறியில் வரும் தண்ணீரை வாங்குகிறார்கள். மற்றவர்கள் பெரிய தெருக் குழாயடியில் வரிசையில் நிற்கிறார்கள்.

நேற்று அஸருக்குப் பிறகு சனூஸா என் வீட்டுக்கு வந்தாள். கையில் கான் இல்லை. வாசலிலேயே நின்றாள்.

"கடைய எடுத்துட்டன் டீச்சர். தெருக் குழாயில தூக்கிக் கட்டுப்படியாகாது. மீன்கார ஆக்களும் ரெண்டு நாள் குடிச்சிப் பாத்துட்டு வாறதில்ல. கிண்ணியாவில மகள்ட போறன். போறதுக்கு முன்ன உங்களப் பாத்துட்டுப் போகலாம் எண்டு."

எனக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அவள் மேல் கொட்டியது.

"போற நேரத்தில வந்து சொல்றியா? உங்க ஆருக்கும் வாயில்லையா? அந்த விசரன் மோட்டர ஓட விட்டுட்டு நிக்கேக்க, எல்லாரும் ஆடு மாடு மாதிரிப் பாத்துட்டு நிண்டீங்க. பள்ளிவாசலுக்குப் போய் ஒரு வார்த்த சொல்ல ஏலாமப் போச்சா? நீ சொல்லியிருந்தா கிணறு தப்பியிரிக்கும்!"

சனூஸா கோபப்படவில்லை. அவள் கோபப்பட்டிருக்கலாம்.

"போகத்தான் டீச்சர் வெளிக்கிட்ட. மோட்டர் ஓடத் தொடங்கி ரெண்டாம் நாளே, நாங்க எல்லாரும் சேர்ந்து பள்ளிவாசல் கேற்றடிக்கும் போயிட்டம். அங்க வச்சி ஒராள் கேட்டா, இந்த ஆள ஆர் கொண்டந்த எண்டு. நீங்கதான் ரவுணெல்லாம் விசாரிச்சி, பள்ளிக்கூடத்தில சேர்மாரிட்டையும் கேட்டு, தேடிப் பிடிச்ச எண்டாங்க."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எங்களுக்குத் தெரியும்தானே டீச்சர் உங்கள. ஆரையும் ஒருநாளும் நல்லம் எண்டு சொல்லமாட்டீங்க. உங்கட கண்ணுக்கு ஒருத்தன் நல்லாத் தெரிஞ்சா, அவன் உண்மையிலேயே வேலை தெரிஞ்சவனாத்தான் இருப்பான். எங்களுக்குத்தான் விளங்கல்லாக்கும், டீச்சர் பாக்காமச் செய்வாங்களா எண்டு பேசிக்கிட்டு, கேற்றடியில இருந்தே திரும்பி வந்துட்டம்."

குத்திக்காட்டுகிறாளா என்று அவளுடைய முகத்தைப் பார்த்தேன். இல்லை. இத்தனை நாளும் என்னை நம்பினதை, நம்பினபடியே சொன்னாள்.

உள்ளே வந்து இருக்கச் சொன்னேன். கதிரை நுனியில் இருந்தாள். வீட்டுக்கு வந்தவளிடம் வழக்கமாகக் கேட்பதை, தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.